சம்பந்தியிடம் பேச ஒரு பாக்கெட் புத்தகம்

1

பொன்மலையிலிருந்து யார் போன் செய்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான். "எப்பப்பா ஊருக்கு வர்றே?" மைசூர் விஜயநகரில் வீடு கட்டி, ரிட்டயராகி, பென்ஷன் வாங்கிக்கொண்டு, காலையில் குரங்குக் குல்லாயோடு வாக்கிங் போகிறவனை இன்னும் லீவுக்கு வரவேண்டிய பையனாகவே வைத்திருக்கிறார்கள். நானும் விடாமல் "வரணும், வரணும்" என்பேன். துபாய்க்காரர்களும் சிங்கப்பூர்க்காரர்களும் கடல் தாண்டிய கதை எழுதுகிறார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சாயங்காலம் மைசூரில் ஏறினால் விடியும்போது திருச்சி. நடுவில் தாண்டுவது காவிரி, அதுவும் நம் காவிரிதான். ஆனாலும் சொல்கிறேன், வேறு பாஷையில் பால் வாங்க ஆரம்பித்த நாளிலிருந்து மனுஷன் வெளிநாட்டில்தான் இருக்கிறான். இதை ஊரில் யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

நாங்கள் மைசூர் ஸ்டேஷனில் இறங்கிய தேதியை என் மனைவி சரோஜா மறப்பதில்லை. ஒவ்வொரு வருஷமும் அன்று சேமியா பாயசம் வைப்பாள். சந்தோஷத்துக்கா, துக்கத்துக்கா என்று நானும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. இந்த வருஷம் பாயசத்துக்கு முந்திரி வறுத்துக்கொண்டிருந்தபோதுதான் பூர்ணிமா போன் செய்தாள்.

பூர்ணிமா எங்கள் ஒரே பெண். மைசூரில் பிறந்தவள். டாக்டருக்குப் படிக்க ரஷ்யாவில் கசான் என்ற ஊருக்குப் போனாள். "முடிச்சதும் வந்துடுவேன்பா" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். படிப்பு முடிந்தது. அங்கேயே ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. "ஒரு வருஷம் பாக்கறேன், ஆமேல வரேன்" என்றாள். ஆமேல என்றால் கன்னடத்தில் அப்புறம். என் பெண்ணின் தமிழில் அப்புறம் எல்லாம் ஆமேலதான். அன்றைக்கு, கூட வேலை செய்கிற அலெக்சி என்ற பையனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னாள். நல்ல பையன், நாங்கள் முன்பே போனில் பார்த்திருக்கிறோம். சரோஜா அடுப்பை அணைத்தாள். முந்திரி கருகிவிட்டது. அந்தப் பாயசத்தை அப்படியே குடித்தோம்.

2

மறுத்தோமா என்று கேட்பீர்கள். இல்லை. யாருக்கு யார் மறுப்பது? மூன்று வருஷத்தில் மாற்றல் வாங்கித் திரும்பிவிடுவேன் என்று என் அப்பாவிடம் சொல்லிவிட்டு மைசூர் ரயில்வே பணிமனைக்கு வந்தவன் நான். பேச எனக்கு வாய் ஏது? அங்கே சண்டை நடக்கிறதாமே என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். நாங்களும் ஒருவரை ஒருவர் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம். ஆனால் சரோஜா ஒன்றில் மட்டும் பிடிவாதமாக நின்றாள்.

"ரெண்டு வீட்டுப் பெரியவங்களும் உக்காந்து ஒரு வார்த்தை பேசணும். அது இல்லாம என்ன கல்யாணம்?"

பையனுக்கு அப்பா இல்லை. அம்மா லாரிசா மட்டும்தான். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவர். அவருக்கு ரஷ்யன் தவிர வேறு எதுவும் வராது. ஞாயிற்றுக்கிழமை மதியம் வீடியோவில் பேசலாம் என்று முடிவாயிற்று.

"சும்னே டென்ஷன் ஆகாதீங்கப்பா. நான் பக்கத்துலயே இருப்பேன். நீங்க சொல்றத நான் அவங்களுக்குச் சொல்லிடறேன்" என்றாள் பூர்ணிமா.

சரோஜா போனை என் கையிலிருந்து பிடுங்கினாள். "கல்யாணப் பொண்ணே நடுவுல உக்காந்து தனக்குப் பேச்சு முடிச்சுக்கறது எங்கயாவது உண்டாடி? நாளைக்கு நாலு பேர் கேட்டா சிரிக்க மாட்டாங்க? நீ வாயத் தொறக்கக்கூடாது."

"அப்புறம் எப்படிம்மா பேசுவீங்க?"

"அப்பா பேசுவாரு" என்றாள் சரோஜா, என்னைக் கேட்காமலே.

அவள் சொன்னது எனக்கும் சரியாகத்தான் பட்டது. பெண்ணைக் கொடுக்கும்போது அப்பன் சொல்ல வேண்டிய வார்த்தை ஒன்று இருக்கிறது. "எங்க பொண்ணைப் பாத்துக்குங்க." எத்தனையோ கல்யாணங்களில் காதில் விழுந்திருக்கிறது. பெரிய மீசை வைத்த ஆட்கள் எல்லாம் அந்த இடத்தில் குரல் உடைந்து நிற்பார்கள். அதை அந்தப் பெண்ணையே விட்டு மொழிபெயர்த்துச் சொல்லச் சொன்னால் அவள் எப்படிச் சொல்வாள்? "என்னைப் பாத்துக்குங்கன்னு எங்கப்பா சொல்றாரு" என்றா?

போனிலேயே மொழி மாற்றித் தருகிற வசதி இருக்கிறதே என்பீர்கள். அதையும் பார்த்தாயிற்று. நான் தமிழில் சொன்னேன். உள்ளேயிருந்து ஒரு இளம்பெண் குரல் ரஷ்யனில் கடகடவென்று ஒப்பித்தது. சரோஜா முகம் சுளித்தாள். "யாருங்க இவ? நம்ம பொண்ணைக் கொடுக்கறதுக்கு இவ யாரு நடுவுல?"

இதற்கிடையில் கல்யாணத்துக்குப் போக விசா வேலை. நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, இனிஷியல்தான். எந்த ஆபீசுக்குப் போனாலும் அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று தகராறு வரும். ஒரு இடத்தில் என் அப்பா பெயர் எனக்குக் குடும்பப் பெயர் ஆனது, இன்னொரு இடத்தில் நானே எனக்குக் குடும்பப் பெயர் ஆனேன். பூர்ணிமா சிரித்தாள். ரஷ்யாக்காரர்களும் அப்பா பெயரைச் சேர்த்துத்தான் எழுதுவார்களாம், மரியாதையாகக் கூப்பிட வேண்டுமானால் அப்பா பெயரோடு சேர்த்துத்தான் கூப்பிடுவார்களாம். ஆஸ்பத்திரியில் சிலர் அவளை என் பெயர் சேர்த்துக் கூப்பிடுகிறார்களாம். எனக்கு அதைக் கேட்டதிலிருந்து அந்த நாட்டின் மேல் கோபம் கொஞ்சம் குறைந்தது.

3

ரஷ்யன் பேச ஒரு புத்தகம் வாங்கத் தேவராஜ மொஹல்லாவுக்குப் போனேன். மார்க்கெட்டை ஒட்டிய சந்தில் மஞ்சண்ணாவின் கடை இருக்கிறது. பழசும் புதுசும் கலந்து அடுக்கியிருப்பார். பூர்ணிமாவின் பள்ளிக்கூடப் புத்தகங்கள் எல்லாம் அவரிடம் வாங்கியவைதான்.

"ஏன் சார், ரஷ்யாகே ஹொரட்றா?" என்றார். ரஷ்யாவுக்கே கிளம்பிவிட்டீர்களா என்று கேட்கிறார்.

"மகள மதுவே" என்றேன். மகளுக்குக் கல்யாணம்.

"ஒள்ளேதாகலி சார்" என்றார். நல்லதாகட்டும். பிறகு ஸ்டூல் போட்டு ஏறி, மேல் தட்டிலிருந்து மூன்று புத்தகங்களைத் தூசி தட்டி எடுத்துப் போட்டார். கோகுலம் பக்கம் யோகா கற்றுக்கொள்ள வருகிற ரஷ்யாக்காரர்கள் கன்னடப் புத்தகம் கேட்டு வருவார்களாம். இங்கிருந்து யாரும் ரஷ்யன் கேட்டு வந்ததில்லையாம்.

நான் ஸ்பேனர் பிடித்த ஆள். எதையும் சோதித்துப் பார்க்காமல் வாங்க மாட்டேன். சட்டைப் பையில் அடங்க வேண்டும். கண்ணாடியை மாற்றாமல் படிக்கிற அளவுக்கு எழுத்து இருக்க வேண்டும். உச்சரிப்பை இங்கிலீஷ் எழுத்தில் பக்கத்திலேயே போட்டிருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், எனக்கு வேண்டிய அந்த ஒரு வாக்கியம் இருக்க வேண்டும்.

முதல் புத்தகம் பாக்கெட் சைஸ் என்று அட்டையில் போட்டிருந்தது. எந்த ஊர் பாக்கெட் என்று தெரியவில்லை, செங்கல் கனம். உள்ளே ஹோட்டல், ஏர்போர்ட், மியூசியம் என்று பிரித்திருந்தார்கள். சூப் ஆறிப்போயிருக்கிறது. இதைவிட மலிவான அறை இருக்கிறதா. என் பாஸ்போர்ட்டைத் திருடிவிட்டார்கள். எழுதினவர் அந்த நாட்டில் ஒரு நாள்கூட நிம்மதியாக இருந்ததில்லை போலிருக்கிறது.

இரண்டாவது, புதிதாகப் படிக்கிறவர்களுக்கானது. பொறுமையான புத்தகம். பாதிக்கு மேல் எழுத்துகள்தான். அப்புறம் இது மேசை, அது ஜன்னல், இவான் மாணவன். இவான் மாணவனாக இருந்து, படித்து முடித்து, பெண் கேட்டு வருவதற்குள் என் பேரன் காலேஜ் போய்விடுவான்.

எனக்கும் ரஷ்யாவுக்கும் பழைய சொந்தம் உண்டு. பொன்மலையில் பணிமனைச் சங்கு ஊதியதும் அப்பா சைக்கிளில் வருவார். நேராக வீட்டுக்கு வரமாட்டார். யூனியன் ஆபீஸ் வாசகசாலையில் என்னைப் பார்த்துக் கூட்டிக்கொண்டு வருவார். அங்கே வழவழப்பான தாளில் ரஷ்யக் கதைப் புத்தகங்கள் தமிழில் இருக்கும். பனி, கரடி, ரொட்டி. பொன்மலை வெயிலில் உட்கார்ந்து பனியைப் படிக்க அவ்வளவு பிடிக்கும். அந்தப் பனியில் என் பெண் போய் நிற்பாள் என்று யார் கண்டார்கள்? அந்தக் கதைகளில் ஒன்றிலாவது சம்பந்தி பேசியிருந்தால் இன்றைக்கு உதவியிருக்கும்.

மூன்றாவது புத்தகம் உள்ளங்கை அளவு. பயணிகளுக்கானது. எழுத்து பெரிசாக இருந்தது. ரயில் நிலையம் என்ற பகுதியைப் பழக்கதோஷத்தில் முதலில் பிரித்தேன். நடைமேடை எது, ரயில் தாமதமா, அதற்குக் கீழே இப்படி ஒரு வரி. "தயவுசெய்து என் பெட்டியைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்."

அந்த வரியில் நின்றுவிட்டேன்.

கல்யாணத்துக்கு முன்னால், நான் முதன்முதலில் மைசூருக்கு ரயில் ஏறியபோது அப்பா திருச்சி ஜங்ஷனுக்கு வந்தார். ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தவர், திடீரென்று என் எதிர்சீட்டில் உட்கார்ந்திருந்த மனிதரைப் பார்த்து, "பையனைக் கொஞ்சம் பாத்துக்குங்க. புது ஊரு, பாஷை தெரியாது" என்றார். கருப்புக் கோட்டு போட்ட மாண்டியாக்காரர் அவர். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. எனக்கு ஒரே கூச்சம். எனக்கு அப்போது மீசை எல்லாம் இருந்தது. அந்த மனிதர் அப்பாவைப் பார்த்துத் தலையாட்டினார். வழியில் எனக்குக் காபி வாங்கித் தந்தார், என் போர்வை நழுவியபோது இழுத்துவிட்டார். மைசூரில் இறங்கியதும் பஸ் ஸ்டாண்டு வரை கூட வந்து என்னைச் சரியான பஸ்ஸில் ஏற்றிவிட்டுத்தான் போனார். வழியெல்லாம் என் கையில் ஒரு தமிழ்-கன்னடப் புத்தகம் இருந்தது. அவரிடம் அதிலிருந்து ஒரு வரிகூட எனக்குச் சொல்ல வரவில்லை. அவர் பெயர்கூடத் தெரியாது.

மூன்றாவது புத்தகத்தையே வாங்கிக்கொண்டேன்.

4

சரோஜாவிடம் காட்டினேன். பெட்டியை எடுத்துவிட்டு, குடும்பம் என்ற பக்கத்திலிருந்து மகள் என்ற சொல்லை அங்கே வைத்தால் வாக்கியம் ரெடி என்று விளக்கினேன். அவள் புத்தகத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நம்ம பொண்ணு என்ன க்ளோக் ரூம்ல போடற சாமானா?"

"வார்த்தையைத்தான் மாத்தறேனே."

"ரயில்ல பெட்டியைப் பாத்துக்கச் சொன்னவன் திரும்பி வந்து எடுத்துக்குவான். நீங்க போய் எடுத்துட்டு வரப்போறீங்களா?"

அவள் சொன்னது உண்மை. புத்தகம் முழுக்கத் திரும்பிப் போகிறவன் பேசுகிற பேச்சுதான். ஒருத்தியை அங்கேயே விட்டுவிட்டு வருகிறவனுக்கு அதில் ஒரு வரிகூட இல்லை. மொட்டை மாடிக்குப் போய்க் காயாத துணியை எல்லாம் எடுத்துக்கொண்டு வந்து திட்டு வாங்கினேன்.

ஆனாலும் வேறு வழி இல்லை. உச்சரிப்பு பிசகாமலிருக்க எனக்குக் கன்னட எழுத்தில் எழுதிக்கொண்டேன், சரோஜாவுக்குத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். "ப்ரிஸ்மத்ரீத்யே, பஜாலுஸ்தா." தயவுசெய்து பார்த்துக்கொள்ளுங்கள். வாக்கிங் போகும்போது சொன்னேன். பல் தேய்க்கும்போது சொன்னேன். இளநீர்க் கடையில் யோகா படிக்கிற ரஷ்யப் பையன் ஒருவனைப் பார்த்ததும் கைகூப்பி, வணக்கம் சொல்லும் சொல்லை ரஷ்யனில் சொன்னேன். அவன் சந்தோஷமாகச் சிரித்துவிட்டு, கடைக்காரரிடம் "ஒந்து எளநீரு கொடி" என்று சுத்தமான கன்னடத்தில் கேட்டான். அவனுடைய அம்மா எந்த ஊரில் யாரிடம் என்ன சொல்லி அனுப்பினாளோ.

பூர்ணிமா சின்னப் பெண்ணாக இருந்தபோது நான் ஒரு வாரம் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுத்தேன். பள்ளிக்கூடத்தில் கன்னடம், இங்கிலீஷ், இந்தி என்று ஏற்கெனவே மூன்று இருந்தது. குழந்தை தூங்கித் தூங்கி விழுந்தது. போகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று விட்டோம். இன்றைக்கு அவள் எனக்கு அனுப்பும் தமிழ் எல்லாம் இங்கிலீஷ் எழுத்தில்தான் வருகிறது. நாளைக்கு அவளுடைய பிள்ளைகள் எதில் அனுப்புவார்கள் என்று நினைக்கவே பிடிக்கவில்லை. அதற்கும் ஒரு புத்தகம் வாங்குவேனாக இருக்கும்.

அவளே ஒரு செய்தியும் சொன்னாள். இங்கிலீஷில் சம்பந்தி என்பதற்குச் சொல்லே கிடையாதல்லவா, ரஷ்யனில் இருக்கிறதாம். ஸ்வாத்யா. மகளின் மாமியாரை அப்படித்தான் சொல்வார்களாம்.

"பரவால்லையே, உறவு தெரிஞ்ச மனுஷங்கதான்" என்றாள் சரோஜா. அன்றைக்குத்தான் அவள் முதல் தடவையாக அந்த அம்மாவுக்கு என்ன நிறத்தில் புடவை எடுக்கலாம் என்று பேசினாள்.

5

ஞாயிற்றுக்கிழமை சரோஜா பட்டுப்புடவை கட்டிக்கொண்டாள். என்னை வேட்டி கட்டச் சொன்னாள். தாம்பூலத் தட்டில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், தேங்காய், ஒரு பந்து மைசூர் மல்லிகை. "போன்ல எதுக்குடி தட்டு?" என்றேன். "பேச்சு முடிக்கறப்ப தட்டு இல்லாம இருக்குமா?" என்றாள். போனைச் சுவரில் சாய்த்து வைத்து, முன்னால் இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். புத்தகம் என் மடியில், விரல் அந்தப் பக்கத்தில்.

படம் வந்தது. நடுவில் லாரிசா அம்மா. வெள்ளைத் தலைமுடியை அழுத்தி வாரி, கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தார். எங்களைவிட அவர்தான் அதிகமாகப் பயந்திருந்தார். ஒரு ஓரத்தில் அலெக்சி, இன்னொரு ஓரத்தில் வாயைத் திறக்கக்கூடாது என்ற உத்தரவோடு எங்கள் பெண்.

நான் தொண்டையைச் செருமினேன். அதற்குள் அந்த அம்மா கைகூப்பி, "நமஸ்தே" என்றார். பிறகு குனிந்து, மேசைக்குக் கீழிருந்து எதையோ எடுத்தார்.

மஞ்சள் அட்டை போட்ட ஒரு பாக்கெட் புத்தகம்.

கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, விரல் வைத்து, ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். "ஆப்... லோக்... கைசே... ஹைன்?"

இந்தி. இந்தியாக்காரர்களோடு பேச வேண்டும் என்று பாவம் இந்தி படித்திருக்கிறார். பொன்மலைக்காரன் நானும் சரோஜாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ரயில்வேயில் இருந்த காலம் முழுவதும் இந்தி வகுப்புக்குப் போகச் சொல்லிச் சொல்லி அலுத்துப் போனார்கள். ஒவ்வொரு தடவையும் நான் ஒரு காய்ச்சலோ தலைவலியோ வரவழைத்துக்கொண்டேன். பூர்ணிமா முகத்தில் ரத்தமே இல்லை. அவளுக்கும் இது தெரியாது. அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் கண்ணாலேயே வேண்டாம் என்றேன். அவ்வளவு கஷ்டப்பட்டுப் படித்து வந்த மனுஷியிடம், எங்களுக்கு இந்தி தெரியாது என்று எப்படிச் சொல்வது?

"அச்சா" என்றேன். தெரிந்த ஒன்று அது.

அந்த அம்மாவுக்கு முகம் மலர்ந்தது. அடுத்த பக்கத்தைத் திருப்பினார். தேடினார். கிடைக்கவில்லை போலிருக்கிறது. புத்தகத்தை மூடி மேசையில் வைத்துவிட்டு, கையை நீட்டிப் பூர்ணிமாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். எங்களைக் காட்டினார், தன் நெஞ்சைத் தொட்டார்.

"ஆப்கீ பேட்டீ," என்றார். "மேரீ பேட்டீ."

இந்தி வேண்டாம் என்று ஓடினவனுக்கும் அது புரிந்தது. உங்கள் மகள், என் மகள். நான் கேட்க வைத்திருந்ததை அந்த அம்மா கேட்காமலே கொடுத்துவிட்டார்.

என்னிடமும் ஒரு வாக்கியம் இருந்தது. அத்தனை நாள் மனப்பாடம் செய்தது. வாயைத் திறந்தேன். ப்ரிஸ்மத்ரீத்யே எங்கே போயிற்றோ தெரியவில்லை. திருச்சி ஜங்ஷனில் ஜன்னலுக்கு வெளியே நின்ற அப்பாவின் குரலில்தான் வந்தது.

"பொண்ணைக் கொஞ்சம் பாத்துக்குங்கம்மா. புது ஊரு."

புது ஊரா? அவள் போய் எத்தனையோ வருஷம் ஆயிற்று, அந்த ஊரின் சந்துபொந்தெல்லாம் அவளுக்குத் தெரியும். இருந்தாலும் அப்படித்தான் வந்தது. பூர்ணிமா மொழிபெயர்க்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். லாரிசா அம்மா என்னையே பார்த்தார். பிறகு மெதுவாகத் தலையாட்டினார், அந்த மாண்டியாக்காரர் ஆட்டிய மாதிரியே.

சரோஜா எழுந்து தட்டை எடுத்தாள். போனுக்கு நேராக, இரண்டு கையாலும் நீட்டினாள். அந்தப் பக்கம் என்ன செய்வதென்று அவர்களுக்குப் புரியவில்லை. அலெக்சி அம்மாவைப் பார்த்தான். அந்த அம்மா ஒரு கணம் யோசித்துவிட்டு, தானும் எழுந்து நின்று, இரண்டு கைகளையும் ஏந்தலாக நீட்டினார். கை திரைக்குப் பக்கத்தில் வந்து பெரிதாகத் தெரிந்தது. சரோஜா குனிந்து தட்டை அந்தக் கைகளுக்கு நேராகக் கீழே வைத்தாள்.

கொஞ்ச நேரம் எல்லோரும் சிரித்தோம், கண்ணைத் துடைத்தோம். அப்புறம் படம் போய்விட்டது.

வீடு அமைதியாக இருந்தது. நான் சட்டையைக் கழற்றி மாட்டினேன். புத்தகத்தை அதன் பையிலேயே போட்டுவிட்டேன். சாப்பிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தபோது எதிரே தட்டு இருந்தது. நல்ல கொழுந்து வெற்றிலை. பழக்கத்தில் ஒன்றைக் கிள்ளக் கை நீட்டினேன்.

சரோஜா சமையலறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எடுக்காதீங்க" என்றாள். "கொடுத்தாச்சுல்ல. இனிமே அது அவங்க வீட்டுது."

நான் கையை இழுத்துக்கொண்டேன்.